அந்த ‘ஒரு முந்திரி வியாபாரி’க்குப் பெயர் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மலையாள இயக்குநர் அரவிந்தனைப் பற்றி வந்த ஆறு பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, கண்ணாடி போடாமல் படித்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில். சரியாகத்தான் படித்திருக்கிறேன். ‘கும்மாட்டி’ படத்துக்கு “ஒரு முந்திரி வியாபாரி பணம் போட்டார்” என்று அரை வரி எழுதியிருக்கிறீர்கள். ஒளிப்பதிவாளர் ஷாஜியின் பெயர் இருக்கிறது, பாட்டெழுதிய காவாலம் நாராயண பணிக்கரின் பெயர் இருக்கிறது, படத்தைப் புதுப்பித்த இத்தாலிக் கூடத்தின் பெயர்கூட எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது. பணம் போட்டவர் மட்டும் ‘ஒரு’.

அவர் பெயர் கே. ரவீந்திரநாதன் நாயர். ஜெனரல் பிக்சர்ஸ் ரவி (அது அவருடைய படக் கம்பெனி), அச்சாணி ரவி, கொல்லத்துக்காரர்கள் வாயில் ரவி முதலாளி. இது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் விட்டிருக்கிறீர்களே என்பதுதான் உறுத்துகிறது.

‘முந்திரி வியாபாரி’ என்பதில் இருக்கும் இளக்காரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மார்த்தாண்டம் பக்கம். எங்களுக்கு அது கொல்லாங்கொட்டை. ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். என் அம்மா இருபது வருடம் அண்டி ஆபீஸில் உடைக்கிற வேலை பார்த்தார். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். அந்த விரலால் பிசைந்த சோற்றைத்தான் நான் தின்று வளர்ந்தேன். பிறகு நானும் ஒரு கொல்லம் முதலாளியின் அண்டி ஆபீஸில் 31 வருடம் கணக்கெழுதினேன். ஓய்வு பெற்றபோது பி.எஃப். பணத்துக்காக என்னை இரண்டு வருடம் நடக்கவிட்டார்கள். ஆகவே முந்திரி முதலாளிகளைத் தூக்கிவைத்துப் பேச எனக்கு எந்தக் கடமையும் இல்லை. அந்தத் தொழிலில் வந்த லாபத்தை யார் யார் எதில் போட்டார்கள் என்று கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். நான் பார்த்தவரை பங்களாவில் போட்டார்கள், ரப்பர் தோட்டத்தில் போட்டார்கள், பிள்ளைகளின் கல்யாணத்தில் போட்டார்கள். சினிமாவில் போட்டு, அதுவும் அரவிந்தனின் ‘காஞ்சன சீதா’வில் போட்டு நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான்.

தங்கள் கட்டுரையாளர் ‘பொழுதுபோக்காக’ என்ற சொல்லையும் எங்கோ செருகியிருக்கிறார். அந்தப் பொழுதுபோக்கின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். 1967-இல் பி. பாஸ்கரன் இயக்கத்தில் முதல் படம். அடுத்த இரண்டு வருடத்தில் இன்னும் இரண்டு. 1973-இல் வின்சென்ட் இயக்கத்தில் பிரேம் நசீர் நடித்த ‘அச்சாணி’. அது ஓடு ஓடென்று ஓடியது. (அந்தக் கதை நம் காரைக்குடி நாராயணனுடையது என்பதைத் தமிழ்ப் பத்திரிகையான தாங்களாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். சரி, விடுங்கள்.) அந்த லாபத்தில்தான் கொல்லத்தில் பொது நூலகமும் பக்கத்தில் சோபானம் அரங்கமும் எழுந்தன. நான் சரக்குக் கணக்கு ஒப்படைக்கக் கொல்லம் போகும்போதெல்லாம், கடைசி பஸ் வரைக்கும் அந்த நூலகத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒரு வெற்றிப் படத்தின் லாபத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து இலவசமாகப் பேப்பர் படித்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு படம் ஓடினால் தயாரிப்பாளர் என்ன செய்வார்? அதே நடிகர், அதே மாதிரிக் கதை, இன்னொரு ‘அச்சாணி’. இவர் நான்கு வருடம் கழித்து அரவிந்தனோடு வந்தார். ராமாயணக் கதை, ஆனால் ராமனாக நடித்தவர் ஆந்திரக் காட்டுக்குள் இருக்கும் செஞ்சு பழங்குடிக்காரர். கிரீடம் கிடையாது, வசனமும் விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்குப் பணம் கொடுப்பதாக வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதோடு நின்றாரா என்றால் இல்லை. சர்க்கஸ்காரர்களை வைத்து ‘தம்பு’, 1979-இல் ‘கும்மாட்டி’, அப்புறம் ‘எஸ்தப்பான்’, ‘போக்குவெயில்’ என்று வரிசையாக ஐந்து. பையன் ஒருவன் நாயாக மாறிவிடும் அந்தக் ‘கும்மாட்டி’யை நான் திருவனந்தபுரத்தில் ஒரு பிலிம் சொசைட்டி திரையிடலில் பார்த்துவிட்டு வந்து ஆபீஸில் சொன்னபோது, எங்கள் முதலாளி கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது: “பையன் நாயாகிறதுக்கெல்லாம் ரவி காசு கொடுக்கிறாரா?” தங்கள் கட்டுரையாளரும் என் பழைய முதலாளியும் ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

இன்னொரு மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் தன் முதல் படத்துக்கு அரசின் கடனை நம்பியிருந்தவர். ‘எலிப்பத்தாயம்’ முதல் ‘விதேயன்’ வரை நான்கு படங்களுக்கு இந்த முந்திரிக்காரர்தான் பின்னால் நின்றார். ‘எலிப்பத்தாயம்’ 1982-இல் லண்டனில் சதர்லேண்ட் கோப்பை வாங்கியது. ஒரு கம்யூனிஸ்ட் தலைவரின் வீழ்ச்சியைக் காட்டிய ‘முகாமுகம்’ வந்தபோது கேரளத்து இடதுசாரிகள் கொதித்தார்கள். கொல்லத்தில் முந்திரித் தொழிற்சங்கம் என்றால் என்ன என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே ஆலை நடத்திக்கொண்டு அந்தப் படத்தை எடுப்பதை வேறு யாரும் பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டார்கள். முதலாளி புத்தி என்று சிலர் சொன்னார்கள். சரி, அப்படியென்றால் ஒரு கொடூரமான பண்ணையாரையும் அவன் காலடியில் கிடக்கும் அடிமையையும் காட்டிய ‘விதேயன்’ எந்தப் புத்தி? எம்.டி. வாசுதேவன் நாயர் இயக்கிய ‘மஞ்ஞு’வையும் சேர்த்து மொத்தம் 14 படங்கள். எந்த இயக்குநரின் வேலையிலும் அவர் மூக்கை நுழைத்ததில்லை என்பது ஊரறிந்த விஷயம். மூக்கை நுழைத்திருந்தால் தங்கள் கட்டுரையில் இரண்டு பக்கம் கிடைத்திருக்கும்.

இது ஏதோ ஒரு தடவை நடந்த கைத்தவறு என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2023 ஜூலை 8-ஆம் தேதி அவர் இறந்தார். தொண்ணூறு முடிந்து ஐந்து நாள். அந்த மாதத் தங்கள் இதழை அட்டை முதல் அட்டை வரை புரட்டினேன். ஒரு நடிகர் புதுமனை புகுந்த விவரம் நான்கு பக்கம், வண்ணப்படங்களோடு இருந்தது. சமையலறைக் குழாய் எந்த நாட்டிலிருந்து வந்தது என்றுகூடத் தெரிந்துகொண்டேன்.

அதற்கும் முன்னால், ஜே.சி. டேனியலைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அவரைக் ‘கேரளத்துக்காரர்’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் எங்கள் மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். நிலத்தை விற்றுத் தானே தயாரித்துத் தானே இயக்கி முதல் மலையாளப் படத்தை எடுத்தவர். 1975-இல் எல்லாம் இழந்து அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தவர். அவர் பெயரில் கேரள அரசு தரும் விருதுதான் 2008-க்கு ரவிக்குக் கிடைத்தது. இதையெல்லாம் அப்போதே மூன்று பக்கக் கடிதமாக அனுப்பினேன். தாங்கள் பெருந்தன்மையோடு பிரசுரித்தது இரண்டே சொல்: “கட்டுரை அருமை.” அதற்குக் கீழே என் பெயர். கடை வீதியில் நாலு பேர் என்னைப் பாராட்டினார்கள்.

படம் ஓடாவிட்டால் தயாரிப்பாளர் பேராசைக்காரர், ஓடினால் இயக்குநர் மேதை என்ற கணக்கு தமிழ்ப் பத்திரிகைகளில் எப்போது தொடங்கியதோ தெரியாது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் தயாரிப்பு என்பதையே நாம் மறந்தாயிற்று. ‘கும்மாட்டி’யின் மூல நெகட்டிவ் இன்று இல்லை, மிஞ்சிய பிரதிகளிலிருந்து 2021-இல் மீட்டார்கள். ‘தம்பு’வை மீட்ட வேலையில் ஒரு பகுதி நம் சென்னைப் பிரசாத் கூடத்தில் நடந்தது, 2022-இல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். புதுப்பித்த ‘கும்மாட்டி’யின் பெயர்ப் பட்டியலில் ஜெனரல் பிக்சர்ஸ் என்ற பெயர் தெளிவாக இருக்கிறது. இத்தாலிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தனிக் கட்டுரை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அடுத்த இதழில், வழக்கமாகத் திருத்தங்கள் போடும் அந்தச் சின்னக் கட்டத்தில், “கும்மாட்டி படத்தின் தயாரிப்பாளர் கே. ரவீந்திரநாதன் நாயர்” என்று ஒரு வரி போட்டால் போதும். ‘ரவீந்திரன்’ என்று சுருக்கிவிட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்காவிட்டாலும் பரவாயில்லை. தயவுசெய்து “கட்டுரை அருமை” என்று மட்டும் என் பெயரில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
1986 முதல் சந்தாதாரர்,
மார்த்தாண்டம்.

பி.கு.: ஆகஸ்ட் இதழ் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. தபால்காரர் தன்னிடம் இல்லை என்கிறார்.