எந்த ஓட்டையை முதலில் அடைப்பது? விளையாட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனங்களின் பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கேமை எழுதியவர் கனவிலும் நினைக்காத நிரல் ஆணைகளை (கோட்) அதற்குள் ஓடவைக்கும் கிளிட்ச்சுக்கு, அதாவது பிழைக்கு, எங்கள் வட்டாரத்தில் ஏசிஇ (arbitrary code execution) என்று பெயர். கேமை எவ்வளவு வேகமாக முடிக்கலாம் என்று ஸ்பீட்ரன் ஆடும் நாங்கள் அதைக் கொண்டாடுகிறோம், நீங்கள் பதறுகிறீர்கள். பதறுவது தப்பில்லை. ஆனால் எதற்கு முதலில் பதறுவது என்பதில்தான் வரிசை பிசகுகிறது. பல கேம்களை இயக்கும் வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் என்ஜினில், ஸ்டீம் என்ற கேம் தளம் வழியே வரும் விளையாட்டு அழைப்பு ஒன்றை ஏற்றாலே கணினி அடுத்தவர் கைக்குப் போகக்கூடிய ஓட்டை 2019-லேயே தெரிவிக்கப்பட்டது. அந்த என்ஜினில் ஓடும் சிஎஸ்:கோ (கவுன்டர்-ஸ்ட்ரைக்) கேமில் அது அடைபட்டது 2021 ஏப்ரலில், விஷயம் சந்திக்கு வந்த பிறகு.

முதலில் எங்கள் பக்கம். போகிமான் ரெட், ப்ளூ ஆங்கிலப் பதிப்புகளில் '8எஃப்' என்ற பொருளை ஒரு கிளிட்ச் மூலம் பைக்குள் வரவழைக்கலாம். அதைப் பயன்படுத்தினால் கேம் டி163 என்ற மெமரி முகவரிக்குத் தாவும். அங்கே இருப்பது உங்கள் அணியில் எத்தனை போகிமான் என்ற எண்ணும், அவற்றின் வகை எண்களும்தான். இந்தக் கேம் ஓடும் கேம்பாய் கருவியின் சிபியுவுக்குத் தரவு வேறு, ஆணை வேறு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது, கண்ணில் பட்ட பைட்டை ஆணையாக எடுத்து ஓட்டிவிடும். சரியான போகிமான்களைச் சரியான வரிசையில் நிறுத்தினால் ஓட்டம் அங்கிருந்து பையின் பொருள் பட்டியலுக்குத் தாவுகிறது. பட்டியலில் ஒரு பொருளுக்கு இரண்டு பைட்: பொருளின் எண், அடுத்து எண்ணிக்கை. லெமனேடின் எண் 62. அந்த சிபியுவில் 62 என்றால் 'அடுத்த பைட்டை ஏ ரெஜிஸ்டரில் (சிபியு எண்ணை வைத்துக்கொள்ளும் இடத்தில்) வை'. ஆகவே பையில் 50 லெமனேட் இருந்தால் ஏ-யில் 50 ஏறும். போகிமானுக்கு ஒரு தாக்குதலைக் கற்றுக்கொடுக்கும் பொருளான டிஎம்01-இன் எண் 201, அது 'திரும்பிப் போ' என்ற ஆணை. இப்படிப்பட்ட பட்டியல்கள் பெரும்பாலும் டிஎம்01-இல் முடிவது அதனால்தான். அதை வைக்க மறந்தால் சிபியு பட்டியலைத் தாண்டி கண்டதையும் ஓட்டும், திரை உறையும், சில சமயம் சேவும் (சேமித்து வைத்த ஆட்டமும்) போய்விடும்.

போனால் போகட்டும், அது ஆடுபவரின் சொந்த சேவ். 2014-இல் ஏஜிடிகியூ என்ற ஸ்பீட்ரன் நிகழ்ச்சியில், பொத்தான்களைத் தானே அழுத்தும் டாஸ்பாட் கருவி சூப்பர் மாரியோ வேர்ல்டுக்குள் பாங், ஸ்னேக் விளையாட்டுகளை ஏற்றிக் காட்டியபோதும், 2016-இல் யூடியூபர் செத்பிளிங் அதே கேமுக்குள் கையாலேயே ஃப்ளாப்பி பேர்டை எழுதியபோதும் கன்ட்ரோலரைப் பிடித்திருந்தவரைத் தாண்டி யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது உங்கள் பக்கம். 2022 டிசம்பரில் வெளியான சிவிஇ-2022-47949 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்பு ஓட்டையைப் பாருங்கள். மரியோ கார்ட் 7 தொடங்கி ஸ்ப்ளாட்டூன் 2 வரை பல நின்டெண்டோ கேம்கள் பகிர்ந்துகொண்ட நெட்வொர்க் லைப்ரரியில், சக ஆட்டக்காரர் அனுப்பும் தரவை பஃபரில் (அளவு நிர்ணயித்த தற்காலிக மெமரியில்) போடும் இரண்டு செயற்கூறுகள், அது உள்ளே கொள்ளுமா என்றே பார்க்கவில்லை. நகலெடுக்கும் முன் ஓர் ஒப்பீடு, ஒரே ஓர் 'இஃப்' இருந்திருந்தால் போதும். அது இல்லாததால், ஒரே ஆன்லைன் ஆட்டத்தில் சேர்ந்திருந்தாலே எதிராளியின் கன்சோலில் கோட் ஓட்ட முடிந்தது. 2011-இல் வந்த மரியோ கார்ட் 7-க்கு இத்தனை ஆண்டு கழித்து 1.2 பதிப்பு வந்தது இதற்காகத்தான். அந்த வேலையை மெச்சுகிறோம். பழைய கேம் என்று கைகழுவவில்லை.

டார்க் சோல்ஸ் 3 இன்னும் மோசம். 2022 ஜனவரியில் நேரலையில் ஆடிக்கொண்டிருந்த ஒருவரின் கேம் விழுந்து, விண்டோஸின் ஆணைச் சாளரமான பவர்ஷெல் திறந்து, கணினி தானாகப் பேச ஆரம்பித்தது. பிசி சர்வர்களை உடனே நிறுத்தியது சரியான முடிவு. அந்த ஆகஸ்டில்தான் 3-ஆம் பாகம் திரும்பியது. 2017-இல் வந்த கால் ஆஃப் டூட்டி டபிள்யுடபிள்யு2-இன் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பிசி பதிப்பும் 2025 ஜூலையில் இதே வகைப் புகார்களுக்குப் பிறகு ஆஃப்லைனுக்குப் போனது. பழைய கேமைச் சந்தாப் பட்டியலில் புதிதாகச் சேர்க்கும்போது அதன் நெட்கோடை மறுபடி சோதிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

செய்ய வேண்டியது பெரிய மந்திரமில்லை. நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு இடத்திலும் நீளத்தைச் சரிபாருங்கள், அதே இடங்களுக்கு ஃபஸ்ஸர் (தாறுமாறான தரவைத் திணித்துச் சோதிக்கும் கருவி) ஓட்டுங்கள். பழைய 32-பிட் இஎக்ஸ்இ என்றால் டைனமிக்பேஸ் (மெமரி முகவரியை மாற்றி மாற்றி வைப்பது), என்எக்ஸ்கம்பாட் (தரவைக் கோடாக ஓட விடாதது) ஃபிளாகுகளோடு திரும்ப பில்ட் செய்யுங்கள். கேம்பாயில் இல்லாத அந்த வித்தியாசத்தை, அதாவது தரவு வேறு, ஓடும் கோட் வேறு என்பதை, விண்டோஸ் அப்போதுதான் கறாராகக் காக்கும். மூல நிரல் தொலைந்திருந்தால் இஎக்ஸ்இயை நேரடியாகத் திருத்தும் எடிட்பின் கருவியை வைத்து என்எக்ஸ்கம்பாட்டை மட்டுமாவது ஏற்றலாம். முகவரியை மாற்ற உதவும் ரீலொகேஷன் அட்டவணை நீக்கப்பட்ட இஎக்ஸ்இயில் டைனமிக்பேஸ் பலன் தராது. சில பழைய டிஆர்எம் (நகல் தடுப்பு) உறைகளும் இதற்கு முரண்டு பிடிக்கும், சோதித்துவிட்டு வெளியிடுங்கள். ஆட்டக்காரர்களை நேரடியாக இணைக்காமல் ரிலே சர்வர் வழியே விட்டால் ஐபி முகவரியும் மறையும்.

சேவ் ஃபைல் தனி ரகம். 2008-இல் நின்டெண்டோவின் வீ கன்சோலில் ட்வைலைட் பிரின்சஸ் கேமின் சேவில் குதிரைக்கு அளவுமீறிய பெயர் வைத்து ஹோம்ப்ரூ (அனுமதியில்லாத சொந்த புரோகிராம்கள்) ஏற்றினார்கள். தன் கன்சோலைத் தானே திறப்பது, அது அவரவர் இஷ்டம். ஆனால் பிசியில் நாங்கள் பயிற்சிக்காகச் சேவ்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். அந்தச் சேவ் ஃபைலை நீங்கள் பைதான் பிக்கிள் அல்லது டாட்நெட் பைனரிஃபார்மேட்டரில் எழுதியிருந்தால், அதைத் திறப்பதும் முன்பின் தெரியாதவரின் புரோகிராமை ஓட்டுவதும் ஒன்றே. பைனரிஃபார்மேட்டரை மைக்ரோசாஃப்டே டாட்நெட் 9-இல் எடுத்துவிட்டது. ஜேசன் போன்ற வெறும் தரவு வடிவத்துக்கு மாறுங்கள். மாறும்வரை, வேறு கணினியில் உருவான சேவ் என்றால் ரென்பை என்ற கேம் என்ஜினைப் போல எச்சரிக்கையாவது காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பேட்ச் போடும்போது பழைய பதிப்பை அடியோடு அழித்துவிடாதீர்கள். ஸ்டீமில் வேறு பதிப்பைத் தேர்ந்தெடுக்க உதவும் பீட்டா பட்டியலில் 1.0-ஐ ஆன்லைன் வசதி நீக்கி வைத்தால் எங்களுக்குப் போதும். கிளிட்ச் எங்களிடம் இருக்கட்டும், ஆபத்து யாரையும் தொடாது. பேட்ச் குறிப்பில் 'நிலைத்தன்மை மேம்பாடு' என்று பூசி மெழுகாமல், ஆன்லைனில் கோட் ஓட்டும் ஓட்டை அடைக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்போதுதான் யார் உடனே அப்டேட் செய்ய வேண்டும், யார் ஆஃப்லைனில் பழையதிலேயே இருக்கலாம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
பழைய கேம்களை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஸ்பீட்ரன்னர்கள் சிலர்