புவிவெப்ப மின்சாரம்: கோடைகால நிகரக் கணக்கைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு தேசியப் புவிவெப்பக் கொள்கையை வெளியிட்டது முதல், நிலத்தடிச் சூட்டிலிருந்து நாட்டில் 10,600 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணையே செய்திகளில் பார்க்கிறோம். வெந்நீர் ஊற்று உள்ள ஊரில் 20 கிலோவாட்டோ 200 கிலோவாட்டோ எடுக்கும் சிறு நிலையம் எதனால் ஓடுகிறது, எதனால் முடங்குகிறது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

100 டிகிரிக்குக் கீழுள்ள நீரைக் கொண்டு நேரடியாக டர்பைனைச் சுற்ற வைப்பது நடைமுறைக்கு உதவாது. அந்தச் சூட்டை ஒரு வெப்பப் பரிமாற்றியில் வைத்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் வேறொரு திரவத்துக்கு மாற்ற வேண்டும். அதன் ஆவி டர்பைனைச் சுழற்றிவிட்டு, கண்டென்சர் என்ற குளிர்விப்பானில் மீண்டும் திரவமாகி, பம்ப் வழியாகத் திரும்பி வரும். ஏ.சி. இயந்திரத்தைத் திருப்பி ஓட்டுவது போலத்தான். அலாஸ்காவின் சேனா வெந்நீர் ஊற்றில் 2006-இல் நிறுவிய இயந்திரம் பெரிய ஏ.சி. பாகங்களைக் கொண்டே செய்யப்பட்டது. உள்ளே ஓடுவதும் பழைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-134ஏ என்ற குளிர்பதனப் பொருள்தான்.

அதன் கணக்கைப் பாருங்கள். சுமார் 74 டிகிரி நீர் வினாடிக்கு 33 லிட்டர் உள்ளே போய், 54 டிகிரியில் வெளியே வருகிறது. அது விட்டுச்செல்லும் வெப்பம் ஏறக்குறைய 2,600 கிலோவாட். கிடைக்கும் மின்சாரம் 250. திரவத்தைச் சுற்றிவிடும் பம்புக்கு 40 போனால் மிச்சம் 210. நூற்றுக்கு எட்டு! அந்த எட்டும் 4 டிகிரி குளிர்நீர் வினாடிக்கு 100 லிட்டர் கிடைத்ததால் வந்தது.

நம் வெயிலில் 65 டிகிரி வெந்நீரும் 35 டிகிரி குளிர்நீரும் இருந்தால், கோட்பாட்டளவிலேயே உச்சவரம்பு 9 விழுக்காடு. இழப்புகள் போக 3 அல்லது 4 தேறும். நீரின் சூட்டில் 10 டிகிரியை எடுத்துக்கொண்டால், 20 கிலோவாட்டுக்கு வினாடிக்கு 12 முதல் 16 லிட்டர் வேண்டும். அவ்வளவு நீரை 50 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கும் பம்புக்கே 10 கிலோவாட்டுக்கு மேல் செலவாகும். பாதி மின்சாரம் அங்கேயே தீர்ந்துவிடும். தானாகப் பொங்கி வரும் கிணறாக இருந்தால் மட்டுமே இந்த அளவு நிலையம் கட்டுப்படியாகும். தெலங்கானாவின் மணுகூருவில் சிங்கரேணி நிறுவனம் அமைத்த 20 கிலோவாட் சோதனை நிலையத்தையும் பம்பின் செலவு போக மிஞ்சுவதைப் பார்க்கும் இந்த நிகரக் கணக்கோடுதான் மதிப்பிட வேண்டும்.

வெப்பநாட்டு அனுபவத்துக்குத் தாய்லாந்தின் ஃபாங் நல்ல சான்று. 1989-இல் ஓடத் தொடங்கிய 300 கிலோவாட் நிலையம் அது. நீர் 116 டிகிரி. அப்படியும் பருவத்துக்குப் பருவம் கிடைத்தது 150 முதல் 250 வரைதான். குளிர்விக்கும் ஆற்றுநீர் சூடேறினால் மின்சாரம் இறங்கும். குளிரான லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் 4,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றால் குளிர்விக்கும் கண்டென்சருக்கு அதற்கேற்ற பெரிய விசிறிகள் வேண்டும்.

அடுத்தது படிவு. வெந்நீர் மேலே வரும்போது அழுத்தம் குறைந்து கரியமிலவாயு பிரிகிறது; உடனே சுண்ணாம்பு குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. வீட்டு ஹீட்டர் கம்பியில் ஏறும் வெள்ளைப் படிவும் சுண்ணாம்புதான். ஃபாங் கிணற்றை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வேதிப்பொருளால் கழுவ வேண்டியிருந்தது. நீர் குமிழிவிடத் தொடங்கும் ஆழத்துக்கும் கீழே மெல்லிய குழாயை இறக்கி, படிவுத் தடுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவதே சரியான வழி. மணலில் உள்ள சிலிக்கா வேறு வகை. நீர் ஆறும்போது படியும் என்பதால், வெப்பப் பரிமாற்றியின் வெளிவாயிலும், சூடு எடுத்த நீரை நிலத்தடிக்கே திருப்பிச் செலுத்தும் கிணறும்தான் அடைபடும். பரிமாற்றியின் இருபுறமும் அழுத்தமானி வைத்துத் தினமும் குறித்துவந்தால், அடைப்பை முன்கூட்டியே அறியலாம். நீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் செம்புக் குழாய் கூடவே கூடாது; மின்பலகையின் செம்புத் தொடுமுனைகளைக்கூட அது கறுக்கவைத்துக் கெடுக்கும்.

சூடு எடுத்த நீரை ஓடையில் விடுவது மன்னிக்க முடியாத தவறு. ஆர்சனிக், போரான், ஃபுளோரைடு கலந்த நீர் வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் போய்ச் சேரும். நிலத்தடி அழுத்தமும் குறைந்துகொண்டே வரும். திருப்பிச் செலுத்தும் கிணற்றை மிக அருகில் தோண்டினாலோ, ஆறிய நீர் சில ஆண்டுகளில் உற்பத்திக் கிணற்றையே குளிர்வித்துவிடும். திருப்பிச் செலுத்தும் நீரில் சாயத்தைக் கலந்துவிட்டு, அது எத்தனை நாளில் உற்பத்திக் கிணற்றில் வெளிவருகிறது என்று பார்த்தபின் இடத்தை முடிவுசெய்ய வேண்டும்.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோரும் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரத்தில் பொறித்த கிலோவாட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மே மாத நண்பகலில், எல்லாப் பம்புகளும் விசிறிகளும் எடுத்ததுபோக மின்கம்பிக்கு வரும் அளவை எழுதி வாங்குங்கள். இயந்திரத்துக்கு ஆணை கொடுக்கும் முன் கிணற்றைக் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்து ஓடவிட்டு, வெப்பம், நீரளவு, அழுத்தம் மூன்றையும் பதிவு செய்யுங்கள். திருப்பிச் செலுத்தும் கிணற்றுக்கு நிதி ஒதுக்காத திட்டத்துக்கு அனுமதியே தரக்கூடாது.

இப்படிக்கு,
வெப்பப் பொறியியலாளர், நெய்வேலி