நிசேயாவும் நம் ஊர்ப் பிரசங்கங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கிறிஸ்துமஸ் இணைப்பில் வந்த கட்டுரை ஒன்றில், இயேசு நல்ல மனிதராக மட்டுமே வாழ்ந்தவர், கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள்தான் கைதூக்கி அவரைக் கடவுளாக்கினார்கள் என்ற பொருளில் ஒரு பத்தி இருந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றினால் சரி போகட்டும் என்று விட்டுவிடலாம். அச்சில் வந்ததால் எழுதுகிறேன்.

நிசேயா சங்கத்தைக் கூட்டியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன், அது உண்மை. ஆனால் அங்கே நடந்த வழக்கு வேறு. அலெக்சாந்திரியாவின் மூப்பரான ஆரியு, இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவே இல்லை. உலகம் உண்டாகும் முன்பே இருந்தவர்தான், ஆனாலும் பிதாவால் படைக்கப்பட்டவர், ஆகவே பிதாவுக்குச் சமமல்ல என்றார். சங்கம் அதை மறுத்தது. கடைசிவரை கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர். இயேசுவை வழிபடலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சுமார் 112ஆம் ஆண்டிலேயே, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள் என்று ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிவிட்டார். பிளினி கிறிஸ்தவர் அல்ல, அவர்களை விசாரித்துத் தண்டித்தவர். அவர் ஆண்ட பித்தினியாவில்தான் நிசேயா நகரமும் இருந்தது என்பது கட்டுரையாளர் கண்ணில் படவில்லை போலும். அப்போஸ்தலர் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் அதற்கும் சுமார் அரை நூற்றாண்டு முந்தியது. தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்று அதில் படிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருச்சபை தொடக்கத்திலேயே போராட வேண்டியிருந்தது இயேசு மெய்யான மனிதர்தானா என்பதற்காக. அவர் மனிதரைப் போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்ற கூட்டம் அப்போதே இருந்தது. யோவானின் முதல் நிருபம் அவர்களைக் குறித்துத்தான் எச்சரிக்கிறது. அந்தக் கூட்டம் இன்னும் ஒழியவில்லை. வேலூர்ப் பிரசங்க மேடைகளில் எத்தனையோ முறை அதன் குரலைக் கேட்டிருக்கிறேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அவர் நம்மைப் பழக்கத்தான் பயந்தது போலக் காட்டினார் என்பார்கள். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் என்னிடம், "கடவுளாச்சே சார், ஆணி அடிச்சப்போ வலிச்சிருக்குமா?" என்று கேட்டதில் வியப்பில்லை. வலித்தது. யாக்கோபின் கிணற்றருகே களைத்து உட்கார்ந்தவர், படகில் தலையணை வைத்துத் தூங்கியவர், சிலுவையில் தாகமாயிருக்கிறேன் என்றவர் நடிக்கவில்லை. பெத்தானியாவில் இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது அழுகிறார். சற்று நேரத்தில் "லாசருவே, வெளியே வா" என்கிறார். இரண்டும் யோவான் நற்செய்தியின் ஒரே அதிகாரத்தில், ஒரே ஆளிடம்.

நிசேயாவுக்குப் பிறகு லவோதிக்கேயா ஆயர் அப்போலினாரியு, இயேசுவின் உடல் மனிதனுடையது, ஆனால் மனித மனத்தின் இடத்தில் தெய்வ வார்த்தையே இருந்தது என்று சொல்லிப் பார்த்தார். நசியான்சு ஊர் இறையியலார் கிரகோரியார் கேட்டது எளிய கேள்வி: மனித இயல்பில் எதைக் கிறிஸ்து ஏற்கவில்லையோ அது எப்படிக் குணமாகும்? பாவம் பிறப்பதே மனத்தில்தானே! 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் அந்தப் போதனையைத் தள்ளியது. அப்புறம் 451இல் கால்சிதோன் சங்கம், ஒரே கிறிஸ்துவில் தெய்வம், மனிதம் என இரு இயல்புகள், கலப்பில்லை, மாற்றமில்லை, பிளவில்லை, பிரிவில்லை என்று நான்கு 'இல்லை'களை வேலி போல நட்டது. எப்படி என்று விளக்க முயலவே இல்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபையார் இந்தச் சங்கத்தை ஏற்பதில்லை, ஆனாலும் அவர் முழுக் கடவுள், முழு மனிதர் என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

இந்து நண்பர்கள் "எங்கள் அவதாரம் மாதிரிதானே" என்பார்கள். நெருங்கிய எண்ணம்தான். ஆனால் உயிர்த்தெழுந்த பிறகும் அவர் மனித உடலைக் கழற்றிப் போடவில்லை என்பது எங்கள் விசுவாசம். காயத்தைக் காட்டுகிறார், சீஷர்கள் முன் மீன் சாப்பிடுகிறார். அந்தக் காயத்தைப் பார்த்துத்தான் தோமா "என் ஆண்டவரே, என் தேவனே" என்றார்.

ஆற்காடு மிஷனைத் தொடங்கிய அமெரிக்கச் சீர்திருத்தச் சபையார் ஏற்ற 1563ஆம் ஆண்டு ஹைடல்பர்க் வினாவிடை என்ற போதனை நூல் இதை நேராகவே கேட்கிறது: மீட்பர் ஏன் மனிதராக இருக்க வேண்டும்? பாவம் செய்தது மனித இயல்பு, ஆகவே அதே இயல்பு ஈடு செய்ய வேண்டும். ஏன் கடவுளாகவும் இருக்க வேண்டும்? அந்தப் பாரத்தை வெறும் மனிதன் தாங்க மாட்டான். ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் குறிக்கோள் வாசகமும் இதை ஒட்டியதுதான்: ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய வந்தவர். மனுஷகுமாரன் என்று தம்மைக் குறித்து இயேசு சொன்னதாக மாற்கு அதை எழுதுகிறார். நோயாளியின் படுக்கையருகே ஜெபிக்கிறவர்களுக்கு, வலி என்னவென்று தெரியாத கடவுள் எதற்கு உதவுவார்?

ஈஸ்டர் இணைப்பு வரும்போது கால்சிதோன் பற்றி யாரையாவது அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்த 325 பத்திக்கும் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்