கண்ணில் பறக்கும் புள்ளிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளைச் சுவரைப் பார்த்தால் கொசு பறக்கிற மாதிரி, நூல் மிதக்கிற மாதிரி தெரிகிறது என்று 58 வயது அக்கா சொன்னபோது, வயசாகிறது அப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தைப் பத்து நாள் விட்டுக்கொண்டார். சொட்டு மருந்தால் அது கரையவே கரையாது.

வயதாக ஆக, கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் நீர்த்துப்போய், அதிலுள்ள மெல்லிய நார்கள் திரண்டு, அவற்றின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் நாம் புள்ளியாகப் பார்க்கிறோம். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குச் சீக்கிரமே வரும். பெரும்பாலும் ஆபத்தில்லை, நாளடைவில் பழகிவிடும்.

ஆனால் ஒரு நாள் காலையில் அக்காவுக்குத் திடீரென்று மிளகுப்பொடி தூவினது போல ஏகப்பட்ட புள்ளிகள், கண்ணோரத்தில் மின்னல் வேறு. அப்புறம்தான் ஓடினோம். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டுப் பார்த்த டாக்டர், விழித்திரையில் கிழிசல் என்று சொல்லி அன்றே லேசரால் சுற்றி அடைத்தார். தள்ளிப்போட்டிருந்தால் விழித்திரையே கழன்று பெரிய ஆபரேஷனில் முடிந்திருக்கும், பார்வையும் போயிருக்கலாம். பழைய புள்ளிகள் இன்னும் மிதக்கின்றன, அந்த லேசர் கிழிசலுக்கு மட்டும்தான்.

திடீர்ப் புள்ளிகள், மின்னல், ஓரத்தில் திரை விழுந்த மாதிரி நிழல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஒரு வாசகி, திருச்சி