தொலைநிலைப் பட்டங்களும் 'அங்கீகாரம்' என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அங்கீகாரமில்லாத தொலைநிலைக் கல்வி நிறுவனங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியாகிவரும் கடிதங்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எங்கிருந்து படித்தாலும் படிப்பு படிப்புதானே, முத்திரைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று ஒரு சாராரும், 'கரஸ்' எனப்படும் அஞ்சல்வழிப் பட்டங்கள் எல்லாமே காசுக்கு வாங்கும் காகிதம் என்று மற்றொரு சாராரும் எழுதியிருக்கிறார்கள். கல்வித் துறையின் மாவட்ட அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில், இருவருமே கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முழுப் போலிகள் எங்கள் மேசைக்கு அதிகம் வந்ததில்லை. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், நிகர்நிலைத் தகுதி பெற்ற நிறுவனமும், நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனமும் மட்டுமே பட்டம் வழங்கலாம் என்று 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம் 22ஆம் பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. போலிகளின் பட்டியலையும் மானியக் குழு வெளியிடுகிறது. எங்களைத் திணறடித்தவை வேறு வகை. பல்கலைக்கழகம் உண்மையானது, அதை நிறுவிய சட்டமும் உண்மையானது, பட்டத்தில் இருக்கும் கையொப்பமும் உண்மையானது. அந்தப் பாடத்தை, அந்த ஆண்டில், தொலைநிலையில் நடத்துவதற்கான அனுமதி மட்டும் இருக்காது.

'யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது' என்று துண்டறிக்கையில் அச்சிடுபவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். பல்கலைக்கழகத்தின் பெயர் மானியக் குழுவின் பட்டியலில் இருக்கத்தான் செய்யும். ஆனால் தொலைநிலைப் படிப்புக்கான அனுமதி தனியானது. 2013 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த தொலைநிலைக் கல்விக் குழுவும், அதன் பிறகு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவும் அதைக் கவனித்து வருகின்றன. 'நாக்' எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு தரும் தர மதிப்பீடு மூன்றாவது சங்கதி. மூன்றையும் 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லில் மடித்து விற்கிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இடைநிலை ஆசிரியை ஒருவரின் பெயர் பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்கான முன்னுரிமைப் பட்டியலுக்கு வந்தது. பட்டத்தைப் பத்திரமாக லேமினேஷன் செய்து கொண்டு வந்திருந்தார். (செய்யாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, பின்புறம் மேலொப்பமும் இட முடியாது, வெளிச்சத்தில் பிடித்துக் காகிதத்தின் நீர்க்குறியையும் பார்க்க முடியாது.) வேறு மாநிலப் பல்கலைக்கழகம் அது; இவர் சேர்ந்தது நம் ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கிய ஸ்டடி சென்டரில், 2013க்குப் பிறகு. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று அந்த ஆண்டு ஜூனிலேயே மானியக் குழு அறிவித்துவிட்டது. வழக்கம்போல் உண்மைத்தன்மை கேட்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். சான்றிதழ் எங்களால் வழங்கப்பட்டதே, உண்மையானதே என்று முத்திரையுடன் பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டே, பட்டம் பதவி உயர்வுக்கு ஏற்புடையதன்று என்று குறிப்பெழுத வேண்டியிருந்தது. "அவங்களே உண்மைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களே சார், அப்புறம் என்ன?" என்று அவர் கேட்டார். விதியைப் படித்துக் காட்டினேன். பணியில் அவரைவிட இளையவர் ஒருவர் அந்த ஆண்டு பதவி உயர்வு பெற்றார்.

நீதிமன்றங்களுக்குச் சென்றவர்களின் கதையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. சத்தீஸ்கரில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், பெரும்பாலும் கட்டடமோ வளாகமோ இல்லாமல் முளைத்த 112 தனியார் பல்கலைக்கழகங்களை 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது. அடுத்து 2017 நவம்பரில், உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கில் தீர்ப்பு வந்தது. அவற்றுள் ஒன்று நம் சேலத்தில் உள்ளது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அவர்கள் மறுபடியும் தேர்வெழுதித் தேற வேண்டும் என்றாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின, கட்டணத்தைத் திருப்பித்தர உத்தரவாயிற்று. கட்டணம் திரும்பியிருக்கலாம், அந்தப் பட்டத்துக்காக விழித்த இரவுகளை யார் திருப்பித் தருவது? 2022 மார்ச்சில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 2014-15 கல்வியாண்டு வரையில் மட்டுமே தொலைநிலை அனுமதி இருந்தது என்று மானியக் குழு அறிவித்தபோது, அதைப் படித்துப் பதறிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. பல்கலைக்கழகத்துக்கும் மானியக் குழுவுக்கும் இடையிலான வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். அரசுப் பல்கலைக்கழகத்தை நம்பிச் சேர்ந்தவர் அனுமதி ஆணையையும் தேடிப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

தொலைநிலைப் பட்டம் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தில்லியில் 1962இலும் மதுரையில் 1971இலும் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியிராவிட்டால், இரவுப் பணி முடித்து வந்து படித்த காவலர்களும், நடத்துநர்களும், திருமணத்தால் படிப்பு நின்ற பெண்களும் பட்டம் பெற்றிருக்கவே முடியாது. என் பி.ஏ.வும் பதிவறை எழுத்தராக இருந்தபோது அஞ்சல் வழியில் வாங்கியதுதான். முறையான அனுமதியுடன் பெற்ற தொலைநிலைப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்கு நிகரானது என்று மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. முத்திரை எதற்கு என்று கேட்கும் நண்பர்களும், அறிவுக்கு முத்திரை தேவையில்லை என்றாலும் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் தேவை என்பதையும், பணம் கட்டிச் சேர்பவர் அதற்காகவே சேர்கிறார் என்பதையும் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தொலைநிலையில் சேர்பவர் மானியக் குழுவின் தளத்தில் தமக்கென ஓர் அடையாள எண் பெற வேண்டும் என்று 2024இல் கொண்டுவந்த ஏற்பாடு நல்லதே. ஆனால் அதையும் மையத்துக்காரரே உருவாக்கிக் கொடுத்துவிட்டால், மாணவர் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலேயே போய்விடுவார். அனுமதிக் கடிதத்தின் எண், தேதி, அது எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு உரியது என்ற விவரம் ஆகியவற்றை விண்ணப்பத்திலும் மதிப்பெண் பட்டியலிலும் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அந்த ஆசிரியை சேரும் முன்பே எண் இல்லாததைக் கண்டு திரும்பியிருப்பார். தகுதியின்றிப் பட்டம் வழங்குவோருக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் அதிகபட்ச அபராதம் ஆயிரம் ரூபாய். அன்றைக்கு அது ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். இன்று ஒரே ஒரு மாணவரின் சேர்க்கைக் கட்டணம்கூட அதைவிட அதிகம்.

கடைசியாகத் தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூலை, ஜனவரி சேர்க்கைக் காலங்களில் 'ஒரே ஆண்டில் பட்டம்' என்ற வரிவிளம்பரங்கள் நாளிதழ்களில்தாம் வருகின்றன. அனுமதிக் கடித எண் இல்லாத கல்வி விளம்பரத்தை ஏற்பதில்லை என்று தங்கள் விளம்பரப் பிரிவு முடிவெடுக்க அரசாணை எதுவும் தேவையில்லை. வரும் சேர்க்கைக் காலத்துக்கு முன்பே அந்த அறிவிப்பைத் தங்கள் பக்கங்களில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
விழுப்புரம்.