இடுப்புவலி உள்ளவர்கள் கடலுக்கு வரும்போது: ஈய எடை பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "டிஸ்க் பிரச்சினை இருக்கிறது, டைவிங் வரலாமா?" என்று கேட்பவர்களில் பலர் பயப்படுவது சிலிண்டருக்கு. தண்ணீருக்குள் அது பெரிய பாரமே இல்லை. அங்கே இடுப்பைப் படுத்துவது, உடம்பு மிதக்காமல் அமிழ்வதற்காகப் பெல்ட்டில் கோத்த ஈயம்தான், அதுவும் தேவைக்கு மேல் கோத்த ஈயம்.

மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் காற்றேற்றி இறக்கும் ஜாக்கெட் ஒன்றை டைவிங்கில் அணிவோம். அந்த ஜாக்கெட்டில் இருக்கும் காற்று நெஞ்சுப் பக்கத்தை மேலே தூக்கும், பெல்ட் இடுப்பைக் கீழே இழுக்கும். நடுவில் அகப்பட்ட கீழ்முதுகு டைவ் முழுக்க வளைந்தே கிடக்கும். 2 கிலோ கூடுதலாகக் கட்டினால், அதைச் சமன்செய்ய ஏறத்தாழ 2 லிட்டர் காற்றை ஜாக்கெட்டில் கூடுதலாக ஏற்ற வேண்டும். இழுபறி இரு பக்கமும் கூடும்.

எனவே முதலில் அளவு. ஜாக்கெட்டைக் காலி செய்து, சாதாரணமாக இழுத்த மூச்சைப் பிடித்து நின்றால் தண்ணீர் கண்மட்டத்தில் இருக்க வேண்டும்; மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். எங்கள் அலுமினிய சிலிண்டரில் நிரப்பிய காற்று மட்டுமே 2.5 கிலோவுக்கு மேல். அது தீரத் தீர சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். அதற்காக, நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் சுமார் 2 கிலோ சேர்ப்போம். "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு கட்டி வேண்டவே வேண்டாம். நீச்சல்குளத்துக் கணக்கும் இங்கே ஒத்துவராது, உப்புத் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகவே தூக்கும்.

அடுத்தது இடம். ஒருவருக்கு 6 கிலோ தேவை என்றால், சிலிண்டரைப் பிடித்திருக்கும் மேல்பட்டையில் பக்கத்துக்கு 1 கிலோ மாட்டுவோம். மீதி 4 கிலோ ஜாக்கெட்டின் பக்கவாட்டுப் பைகளில். இடுப்பில் ஒன்றும் இல்லை. பட்டையில் அதற்கு மேல் ஏற்றினால் தலை கவிழும், உடம்பு மல்லாக்கத் திரும்பும். தவிர, பட்டையில் உள்ளதை அவசரத்தில் கழற்ற முடியாது. பக்கப் பையை உருவி விட்டுவிடலாம், பெரும்பங்கு அங்கே இருப்பது அதனால்தான். பெல்ட்டை விடமாட்டேன் என்பவர்களுக்கு ஈய ரவை அடைத்த பைகள் உண்டு, எலும்பில் குத்தாது. அவற்றையும் முன்பக்கவாட்டில் கோத்துக்கொள்ளுங்கள், முதுகெலும்பின் மேல் வேண்டாம். கணுக்கால் எடையை எங்களிடம் கேட்காதீர்கள். ஏற்கெனவே கால் தாழ்பவருக்கு அது கேடுதான்.

சிலிண்டருக்குப் பயப்பட வேண்டிய இடம் படகு. ஜாக்கெட், ரெகுலேட்டரோடு (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) அது 20 கிலோவைத் தொடும். ஆடும் படகில் குனிந்து அதைத் தூக்க வேண்டாம். காற்றேற்றிக் கடலில் இறக்கித் தருகிறோம், தண்ணீரிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது முதலில் எடைப் பைகளையும், பிறகு ஜாக்கெட்டையும் மேலே கொடுத்துவிட்டு வெறும் ஆளாக ஏணி ஏறுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, எங்கள் பையன்களுக்கு வேலையே அதுதான்.

கடந்த 6 மாதத்தில் அன்றாட வேலையைத் தடுக்கும் அளவு முதுகுவலி வந்திருந்தாலோ, 12 மாதத்துக்குள் முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ மருத்துவர் கையெழுத்து இல்லாமல் கூட்டிப்போக மாட்டோம். கால் மரத்துப்போகும் வழக்கம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்பில் வாயுக் குமிழ்கள் உண்டாவதால் வரும் டிகம்ப்ரெஷன் நோய்க்கும் அதே அறிகுறி உண்டு, பிறகு இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

பதிவு செய்யும்போது உங்கள் உயரம், உடல் எடை, கடைசி டைவில் கட்டிய ஈயத்தின் அளவு, அன்று போட்டிருந்த வெட்சூட்டின் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) தடிமன் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். பைகளை முந்தின நாளே மாற்றி வைப்போம். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் டைவிங் கடையினர்,
புதுச்சேரி