வீடியோ கேம்களும் நீளும் காத்திருப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரும் பொருட்செலவில் உருவாகும் வீடியோ கேம்கள் வெளிவருவதற்கு ஆகும் காலம் நீண்டுகொண்டே போவது குறித்து எழுதுகிறேன்.

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய விளையாட்டுகள் அடுத்தடுத்து வந்தன. நான்காம் பாகம் 2008இலும் ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரிலும் வெளியாயின. ஆறாம் பாகத்தின் முதல் முன்னோட்டமே 2023 டிசம்பரில்தான் வந்தது. 2025 என்று அதில் சொல்லப்பட்ட வெளியீடும் பிறகு தள்ளிப்போனது. ஐந்தாம் பாகத்தைப் பள்ளி நாள்களில் விளையாடிய என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான்.

திரையில் நுணுக்கம் கூடக் கூட, ஒரு முகத்தையோ தெருவையோ வடிவமைக்கும் உழைப்பு பன்மடங்காகிறது என்பதும், நடிகர்களின் உடலசைவுகளைப் பதிவுசெய்து பாத்திரங்களுக்கு உயிரூட்டும் வேலைக்கே ஆண்டுகள் பிடிக்கின்றன என்பதும் உண்மையே. ஆயினும் பழைய விளையாட்டின் இணையப் பதிப்பே தொடர்ந்து வருவாய் ஈட்டித் தரும்போது, புதியதை விரைந்து முடிக்கும் அவசரம் குறைந்துவிடுகிறது என்றே கருதுகிறேன்.

அவசரப்படுத்துவதும் தீர்வாகாது. 2012இல் அறிவிக்கப்பட்ட 'சைபர்பங்க் 2077', பலமுறை தள்ளிவைக்கப்பட்டு 2020 டிசம்பரில் வெளியானபோதும், பிழைகள் மலிந்திருந்ததால் சில நாள்களிலேயே பிளேஸ்டேஷன் இணைய அங்காடியிலிருந்து நீக்கப்பட்டது. நிறுவனங்கள் சற்றுச் சிறிய அளவிலான விளையாட்டுகளையும் இடையிடையே உருவாக்கலாம். பணி முடியும் தறுவாயில் மட்டுமே அறிவிப்புகளை வெளியிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை